கறிக்கடையிலிருந்து நுண்ணோக்கி வரை: விலங்குத் திசுக்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

விலங்கின் உடலில் உறுப்புகள் எத்தனையோ உண்டு. அவற்றைக் கட்டியிருக்கும் திசுக்களோ, அதாவது சேர்ந்து வேலை செய்யும் செல் கூட்டங்களோ, நான்கே வகை: எபிதீலியத் திசு (உடலின் வெளிப்பரப்பையும் உறுப்புகளின் உட்பரப்பையும் போர்த்துவது), இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. ஒன்பதாம் வகுப்பு மாணவரும் நர்சிங் முதலாண்டு மாணவரும் இதை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் போகிறார்கள். திசுவைக் கையால் தொட்டு, இழுத்து, அறுத்துப் பார்த்தவருக்கு அது மறக்காது. இந்தக் கட்டுரை அந்த வழியில் உங்களை அழைத்துச் செல்லும்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பாரிஸில் பணியாற்றிய சேவியர் பிஷா (1771–1802) என்ற மருத்துவர், நுண்ணோக்கியின் துணையே இல்லாமல், மனித உடலில் 21 வகைத் திசுக்கள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். உடல் பகுதிகளை வேகவைத்தார், உலர்த்தினார், ஊறப்போட்டார், அமிலத்தில் இட்டார். எது கரைகிறது, எது சுருங்குகிறது, எது அப்படியே நிற்கிறது என்று பார்த்தார். இன்று நாம் சொல்லும் நான்கு வகைகள், செல்களை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்க முடிந்த பிறகு வந்தவை. புதிதாகத் தொடங்குபவர் பிஷா போன வழியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நுண்ணோக்கிக்குப் போவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

போகும்போது மனதில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் திசு செய்யும் வேலைக்கு இந்த வடிவம் எப்படிப் பொருந்துகிறது?

என்னென்ன வேண்டும்

கோழிக்கடையில் தொடையோடு சேர்ந்த முழு லெக் பீஸ் ஒன்று, தோல் உரிக்காமல், துண்டு போடாமல் கேளுங்கள். கூடவே நகத்தோடு ஒரு கோழிக்கால், ஒரு இதயம், கழுவாத அரைவைப்பை ஒன்று. அரைவைப்பை என்பது கோழி தின்ற தீனியை அரைக்கும் கெட்டியான பை. ஈரலோடு சேர்த்துத் தருவார்களே, அதுதான். ஆட்டுக்கறிக் கடையில் சிறுகுடலில் ஒரு சாணும் இரைப்பையில் உள்ளங்கை அளவும் போதும்.

வீட்டில் சின்னக் கத்தரிக்கோல், இடுக்கி, இரண்டு ஊசிகள், பழைய தட்டு, கையுறை, வெள்ளை வினிகர் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படிக்கு 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போதும்.

பச்சைக்கறியில் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கும். சமையலுக்கு வைத்திருக்கும் கத்தியையும் பலகையையும் இதற்குத் தொடாதீர்கள். அறுத்துப் பார்த்த கறியைச் சமைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதல் படி: உங்கள் உடம்பிலேயே தொடங்குங்கள்

கறியைத் தொட விரும்பாதவர்களும் இந்தப் படியைச் செய்யலாம். புறங்கையின் தோலைக் கிள்ளித் தூக்குங்கள், எளிதாக எழும்பும். உள்ளங்கையில் அதையே செய்து பாருங்கள், எழும்பாது. இரண்டிலும் மேலே இருப்பது எபிதீலியத் திசுதான். வேறுபாடு அடியில் இருக்கிறது. புறங்கைத் தோலுக்குக் கீழே தளர்வான இணைப்புத் திசு இருப்பதால் தோல் நழுவுகிறது. உள்ளங்கையில் உறுதியான நார்கள் தோலைக் கீழே உள்ள படலத்தோடு இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அப்படி இல்லாவிட்டால் மண்வெட்டியைப் பிடிக்கும்போது தோல் கைக்குள் சுழன்றுகொண்டே இருக்கும்.

காது மடலை மடக்கி விடுங்கள், உடனே நிமிரும். அது மீள்தன்மையுள்ள குருத்தெலும்பு. மூக்கின் மேல்பாதியை அசைக்க முடியாது, அது எலும்பு; கீழ்ப்பாதி அசையும், அது குருத்தெலும்பு. குதிகாலுக்கு மேலே விறைப்பான ஒரு கயிறு தட்டுப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தசைநாண் அது. மனித உடலின் தசைநாண்களிலேயே மிகத் தடிமனானது. விரல் நுனியில் காய்ந்த தோல் உரியும்போது ரத்தம் வராததையும் கவனித்திருப்பீர்கள். எபிதீலியத் திசுவுக்குள் ரத்தக் குழாய்களே கிடையாது. அடியில் உள்ள இணைப்புத் திசுவிலிருந்துதான் அதற்கு உணவு கசிந்து வருகிறது.

இரண்டாம் படி: தோலை உரியுங்கள்

லெக் பீஸின் தோல் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தோலுக்கும் கறிக்கும் நடுவே கண்ணாடி போன்ற மெல்லிய படலம் இழுபட்டுப் பிரிவதைக் காண்பீர்கள். அவசரப்பட்டுப் பிய்த்துவிடாமல் அந்த இடத்தில் நின்று பாருங்கள். சிற்றிடைவெளித் திசு என்று பாடத்தில் வருவது இதுதான். செல்கள் தூரத்துக்கு ஒன்றாக இருக்கும். நடுவே கொலாஜன் (உறுதி தரும் புரதம்), எலாஸ்டின் (மீள்தன்மை தரும் புரதம்) நார்களும் பாகு போன்ற பொருளும் நிரம்பியிருக்கும். உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது, இடைவெளியை நிரப்புவது, ரத்தக் குழாய்களுக்கும் நரம்புகளுக்கும் வழிவிடுவது இதன் வேலை. கிருமி உள்ளே நுழைந்தால் வெள்ளையணுக்கள் வந்து சண்டையிடும் களமும் பெரும்பாலும் இதுதான்.

தோலின் உட்புறத்தில் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பது கொழுப்புத் திசு. இதுவும் இணைப்புத் திசுவே. ஒவ்வொரு செல்லையும் ஒரே ஒரு பெரிய கொழுப்புத் துளி அடைத்திருக்கும்; உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஒரு கிராம் கொழுப்பு ஏறக்குறைய 9 கிலோகலோரி தரும், மாவுச்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். உடம்பு தன் சேமிப்பைக் கொழுப்பாக வைத்துக்கொள்வதன் காரணம் அதுவே. குளிரிலிருந்து காப்பதும், அடிபட்டால் தாங்குவதும் கூடுதல் வேலைகள்.

மூன்றாம் படி: தசை, தசைநாண், நரம்பு — மூன்றையும் பிரித்தறியுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

கோழிக்காலின் வெட்டுப்பட்ட முனையில் வெள்ளையாகப் பளபளக்கும் கயிறுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கக் கயிற்றை இடுக்கியால் இழுங்கள், விரல்கள் மடங்கும். முன்பக்கக் கயிற்றை இழுத்தால் விரல்கள் நிமிரும். சிறுவயதில் பலரும் விளையாடிய விளையாட்டுத்தான். இதை எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அது தசைநாண். ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கிய கொலாஜன் நார்களால் ஆன இணைப்புத் திசு. எவ்வளவு இழுத்தாலும் அது நீளாததைப் பாருங்கள். தசை இழுக்கும் இழுப்பை வீணாக்காமல் எலும்புக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நடுவில் இருப்பது நீளக் கூடாது அல்லவா? தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். லெக் பீஸின் முழங்கால் மூட்டை அறுத்தால் இரு எலும்புகளையும் பிடித்திருக்கும் உறுதியான பட்டைகளாக அது தெரியும்.

இப்போது தொடைப் பகுதிக்கு வாருங்கள். தொடையின் உட்புறத் தசைகளை வெட்டாமல், விரலால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக்கொண்டே உள்ளே போங்கள். தொடையெலும்பின் பின்பக்கமாக, ரத்தக் குழாயோடு சேர்ந்து, வெளிர்நிறத்தில் ஒரு நூல் ஓடும். அதுதான் சியாட்டிக் நரம்பு, காலுக்குப் போகும் பெரிய நரம்பு. தசைநாண் அளவுக்குப் பளபளப்பு இருக்காது, தொட்டால் மென்மையாக இருக்கும், போகப்போகக் கிளைவிடும். தசைநாண் எலும்பில் போய் முடியும். நரம்பு தசைக்குள் நுழைந்து மறைந்துவிடும். இந்த ஒரு சோதனை போதும், இனி இரண்டும் குழம்பாது.

நீங்கள் பிடித்திருக்கும் நூல், ஆயிரக்கணக்கான ஆக்சான்களை (நரம்பு செல்களின் நீண்ட இழைகளை) இணைப்புத் திசு சுற்றிக் கட்டிய ஒரு கட்டு. அந்த ஆக்சான்களுக்குச் சொந்தமான செல் உடலங்கள் இங்கே இல்லை; அவை தண்டுவடத்திலும் அதை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் இருக்கின்றன. மனிதரின் கால் விரலுக்கு வரும் ஓர் ஆக்சான் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்; ஒரே செல்லின் பகுதி அது. மின்குறிப்பை வாங்குவது டென்டிரைட் என்ற குட்டையான கிளை, கடத்துவது ஆக்சான். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த ஆக்சான்களில் அந்தக் குறிப்பு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தை எட்டும். கடையில் ஆட்டு மூளை கிடைத்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியோரம் சாம்பல் நிறமாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும். செல் உடலங்கள் நிறைந்த இடம் சாம்பல். மயலின் போர்த்திய ஆக்சான்கள் ஓடும் இடம் வெள்ளை.

அடுத்து மூன்று வகைத் தசைகளையும் ஒரே தட்டில் வையுங்கள். தொடைக்கறி எலும்புத் தசை: நீளவாக்கில் நார் நாராகப் பிரியும், விலங்கு தன் விருப்பப்படி இயக்குவது, வேகமாகச் சுருங்கும், களைத்தும் போகும். அரைவைப்பை மென்தசை: நார் நாராகப் பிரியாது, விருப்பத்துக்கு உட்படாது, மெதுவாகவும் விடாமலும் சுருங்கும். நம் குடல், சிறுநீர்ப்பை, ரத்தக் குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகையே. இதயத் தசை மூன்றாவது: எலும்புத் தசையைப் போலக் குறுக்கு வரிகள் உண்டு, மென்தசையைப் போல விருப்பத்துக்குக் கட்டுப்படாது, கிளைவிட்ட செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே நேரத்தில் துடிக்கும். கோழியின் இதயத்தைக் குறுக்கே வெட்டினால் இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைவிடப் பல மடங்கு தடித்திருப்பது தெரியும். வலப்பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தைத் தள்ளினால் போதும். இடப்பக்கம் உடல் முழுவதற்கும் தள்ளியாக வேண்டும்.

நான்காம் படி: எலும்பை வினிகரில் போடுங்கள்

நான்கு வகைகளில் இணைப்புத் திசுதான் புதியவர்களைத் திணற வைப்பது. கொழுப்பு, தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு, ரத்தம் எல்லாம் எப்படி ஒரே குடும்பம்? விடை செல்லில் இல்லை, செல்களுக்கு நடுவே இருக்கும் பொருளில் இருக்கிறது. மற்ற மூன்று வகைகளிலும் செல்தான் வேலை செய்யும். இணைப்புத் திசுவில் பெரும்பாலும் செல் தன்னைச் சுற்றி ஒரு பொருளை உண்டாக்கும். வேலையைச் செய்வது அந்தப் பொருள். அதில் சுண்ணாம்பு உப்பு படிந்தால் எலும்பு, நார் நிறைந்தால் தசைநாண், விறைத்த கூழாக இருந்தால் குருத்தெலும்பு.

இதைச் சோதித்துப் பார்க்க லெக் பீஸின் கீழ் எலும்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, மூழ்கும் அளவு வினிகர் ஊற்றி மூடி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். சிறு குமிழிகள் எழும். ஒரு வாரம் ஆனால் எலும்பு வளையத் தொடங்கும். அமிலம் கால்சியம் உப்புகளைக் கரைத்துவிட்டது. எஞ்சி நிற்பது கொலாஜன். இன்னோர் எலும்பைப் பெரியவர் ஒருவர் திறந்த வெளியில் நெருப்பிலிட்டு, கருகி வெளுக்கும்வரை சுடட்டும். இப்போது கொலாஜன் போய்விட்டது, உப்பு மட்டும் மிச்சம். விரலால் அழுத்தினால் பொடியும். உப்பு கடினத்தைத் தருகிறது, கொலாஜன் முறியாமல் காக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு.

வினிகரில் போடும் முன், எலும்பின் உருண்டை முனையில் நீலம் கலந்த வெண்மையாக வழுவழுப்பாக இருக்கும் மூடியைக் கத்தியால் சீவிப் பாருங்கள். அது ஹையலின் குருத்தெலும்பு. பிராய்லர் கோழி ஆறு வார வயதுக்குள் கடைக்கு வந்துவிடுவதால் எலும்பு முனைகளில் குருத்தெலும்பு தாராளமாகவே இருக்கும். சீவிய துண்டில் ரத்தப் புள்ளி ஒன்றுகூட இருக்காது. ஆனால் அதற்கடியில் உள்ள எலும்பு சிவந்திருக்கும். எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, குருத்தெலும்புக்குள் ஓடுவதில்லை. முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும்போது, மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்தால் எளிதில் சரியாகாததற்கு இது முக்கியக் காரணம்.

பிஷாவின் வேகவைக்கும் சோதனையை நம் வீடுகளில் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆட்டுக்கால் சூப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உறைந்து ஆடும் அல்லவா? தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருந்த கொலாஜன் வெந்து ஜெலட்டினாகி நீரில் இறங்கியதன் விளைவு அது. எலாஸ்டின் இப்படிக் கரையாது. ஆட்டுக் கழுத்தில் இருக்கும் மஞ்சள் நிறப் பட்டை எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பராகவே நிற்கும்.

ரத்தத்துக்கும் இதே கணக்குத்தான். அதன் செல்லிடைப் பொருள் திரவமான பிளாஸ்மா. மொத்த அளவில் பாதிக்குச் சற்று மேல். நார்கள் கரைந்த நிலையில் இருக்கின்றன. காயம் பட்டதும் அவை ஃபைப்ரின் இழைகளாகத் திரண்டு வலை பின்னுகின்றன.

ஐந்தாம் படி: குடலைக் கழுவித் தடவிப் பாருங்கள்

எபிதீலியத்தைப் பற்றி ஒரே ஒரு விதி நினைவிருந்தால் போதும்: ஒரே அடுக்கு இருந்தால் ஏதோ ஒன்று அதைக் கடந்து போக வேண்டியிருக்கிறது, பல அடுக்குகள் இருந்தால் உராய்விலிருந்து காக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டின் இரைப்பைத் துண்டின் உட்புறத்தைத் தடவுங்கள். தேங்காய்ப்பூ துண்டு போலச் சொரசொரக்கும். ஆடு தின்ற முரட்டுத் தழை இங்கே கிடந்து புரண்டு நொதிக்கிறது. அதனால் இங்கே பல அடுக்குத் தட்டை எபிதீலியம், மேல்பரப்பில் கெரட்டின் என்ற கடினப் புரதமும் சேர்ந்து, ஏறக்குறைய நம் தோலைப் போலவே. அடுத்துச் சிறுகுடலை நீளவாக்கில் கத்தரித்து விரித்துத் தண்ணீரில் அலசுங்கள். மென்மையாக இருக்கும், நீருக்குள் உற்றுப் பார்த்தால் குடல் விரல்கள் (விரல் போன்ற நுண்நீட்சிகள்) அசைவது தெரியலாம். அவற்றைப் போர்த்தியிருப்பது ஒரே ஒரு அடுக்குத் தூண் எபிதீலியம். செரித்த உணவு அந்த ஒற்றை அடுக்கைக் கடந்துதான் ரத்தத்துக்குப் போகிறது. ஒரே அடுக்கு என்பதால் சீக்கிரம் சிதையும்; அதனால்தான் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. ஒரே விலங்கின் ஒரே உணவுப் பாதையில் இரண்டு வேலை, இரண்டு எபிதீலியம்.

மற்ற வகைகளையும் இதே விதியில் பொருத்திக்கொள்ளலாம். நுரையீரல் காற்றறையில் வாயு கடக்க மெல்லிய தட்டை எபிதீலியம். சிறுநீரக நுண்குழல்களில் வடிகட்டியதை மீட்டெடுக்கக் கனசதுர எபிதீலியம். மூச்சுக்குழாயில் தூசியை மேலே தள்ளக் குறுஇழை எபிதீலியம்.

அரைவைப்பையின் உட்புறத்தில் உரிந்து வரும் மஞ்சள் தோலைப் பார்த்து அதுதான் எபிதீலியம் என்று நினைத்துவிட வேண்டாம். அது சுரப்பிகள் கக்கி இறுகிய கவசம். எபிதீலியம் அதற்கு அடியில் இருக்கிறது.

ஆறாம் படி: நுண்ணோக்கிக்குப் போங்கள்

முதலில் உங்கள் கன்னத்துச் செல். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, புதிய காது குடையும் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாக உருட்டித் தேயுங்கள். கண்ணாடித் துண்டில் மெல்லிதாகப் பூசி ஆறவிடுங்கள். ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு ஒரு நிமிடம் கழித்து லேசாக அலசுங்கள். மூடு வில்லையைச் சாய்த்து இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழி சிக்கும், புதியவர்கள் அதன் கறுத்த வட்ட விளிம்பைச் செல் என்று எண்ணி வரைந்துவிடுவார்கள். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடி, பிறகு 400 மடங்குக்குப் போங்கள். குவியலை விட்டுவிட்டுத் தனியாகக் கிடக்கும் செல்லைப் பிடியுங்கள். ஒழுங்கற்ற ஓரம், நடுவில் அடர்நீல உட்கரு, சிலவற்றில் ஓரம் மடிந்திருக்கும். அந்த மடிப்பைப் பார்த்தால்தான் தட்டை என்ற சொல்லுக்கு அர்த்தம் புரியும். சுற்றிலும் தெரியும் நுண்புள்ளிகள் வாயில் வாழும் பாக்டீரியாக்கள். அவரவர் குச்சியை அவரவர்தான் தொட வேண்டும். முடிந்ததும் பிளீச்சிங் கரைசலில் போட்டுவிடுங்கள்.

அடுத்து தொடைக்கறியில் நூலிழை அளவு எடுத்து, ஒரு சொட்டு நீரில் இரண்டு ஊசிகளால் எவ்வளவு பிரிக்க முடியுமோ அவ்வளவு பிரியுங்கள். 400 மடங்கில் வைத்து, ஒளித்துளையைக் குறைத்து, நுண்திருகை மிக மெதுவாகத் திருப்புங்கள். குறுக்கு வரிகள் தெரியும்வரை விடாதீர்கள். அவை தெரியும் அந்த நொடிக்காகவே இந்தப் பாடத்தைப் படிக்கலாம் என்பேன். அரைவைப்பையில் இதையே செய்தால் வரிகள் தெரியாது.

ரத்தத்துக்கு விரலைக் குத்திக்கொள்ள வேண்டாம். ஆய்வகத்தின் நிரந்தரக் கண்ணாடித் துண்டுகள் போதும். மனித சிவப்பணுவில் உட்கரு இராது, கோழியின் சிவப்பணு நீள்வட்டமாக, உட்கருவோடு இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

நிரந்தரத் துண்டுகளில் பெரும்பாலும் ஊதாவும் இளஞ்சிவப்பும் இருக்கும். அது திசுவின் நிறம் அல்ல. ஹெமடாக்சிலின் என்ற சாயம் உட்கருவை ஊதாவாக்கும், இயோசின் என்ற சாயம் மற்றவற்றைச் சிவப்பாக்கும். படிக்கும்போது நிறத்திலிருந்து தொடங்காமல் வெற்றிடத்திலிருந்து தொடங்குங்கள். குழாயின் துளையோ உறுப்பின் வெளி விளிம்போ, வெற்றிடத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் செல்கள் எபிதீலியம். அதற்குக் கீழே உட்கருக்கள் சிதறி, இடையில் நிறையப் பொருள் இருந்தால் இணைப்புத் திசு. உட்கருக்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நீண்டு, இடையில் இடமே இல்லாமல் சிவந்திருந்தால் தசையா என்று பாருங்கள்.

அடுக்குகளை எண்ணும்போது மட்டும் கவனம் வேண்டும். கத்தி சாய்வாகப் போயிருந்தால் ஒற்றை அடுக்கும் பல அடுக்காகத் தெரியும். சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டை நகர்த்தி, அதே எபிதீலியம் வேறு எங்காவது நேராக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று தேடி, மிகக் குறைந்த அடுக்குகள் தெரியும் இடத்தில் எண்ணுங்கள்.